எலுமிச்சை மருந்துச் செய்தி வந்த வழி

பிரான்காச்சோ பகுதிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த கணவனும் மனைவியும் கதைத்ததன்படி நடந்தது:

1. எலுமிச்சைக்கு அடிக்கப் புதுப் பூச்சிமருந்து வந்தது. அடித்த காயை வெறுங்கையால் தொட்டால் தோல் புண்ணாகும் என்று மருந்துக் கடைக்காரர் தோட்ட முதலாளியிடம் சொன்னார்.
2. முதலாளி வியாபாரியிடமும், வியாபாரி வுச்சீரியாச் சந்தைக்காரரிடமும் சொன்னார்கள்.
3. சந்தைக்காரர் சொல்லி, மனைவி வேலை செய்யும் வீட்டு எஜமானி சின்யோராவுக்குத் தெரிந்தது.
4. நேற்று மனைவி, அந்தத் தோட்டத்தில் காய் பறிக்கும் தன் கணவனிடம் சொன்னார்.

“ரெண்டு காய் வெட்ட எனக்குச் சின்யோரா கையுறை தந்தவ,” என்றார் மனைவி.

“நாள் முழுக்கப் புடுங்குற எனக்கு நீ சமைக்கிற குசினியாலை வருது செய்தி.” கணவனின் விரல்களெல்லாம் கொப்புளம்.

“நான் விசரி, சோப்பாலை வந்த புண் எண்டு நினைச்சு சோப்பை எல்லோ மாத்தினன். முதலாளியைக் கேட்டனீங்களோ?”

“கேட்டனான். உனக்கு ஆர் சொன்னது எண்டு என்னை ஏசுறான்.”

“கையுறை?”

“அது வேணுமெண்டால் வேற ஆள் பிடிப்பானாம்.”

நாளையும் அவர் வெறுங்கையால்தான் பறிக்கப் போகிறார்.