விசாரிச்சது ஒரு குற்றமே?

...என்ரை வாய்தானாம் பிழை! கேட்டியளே, தங்கச்சி, கதையை? மூண்டு நடுவரிலை ஒராள் நான். என்னைத் தூக்கி எறிஞ்சிட்டு, தீர்ப்பையும் கிழிச்சுப் போட்டினம். தலையைக் கொஞ்சம் பின்னாலை சாயுங்கோ... ஆ, அப்பிடி. ஞாயிறு ஏதோ கூட்டமெண்டனீங்கள், வடிவாச் செய்துவிடுறன். புருவம் எடுக்கிற நூலைப் பல்லிலை கடிச்சால் கதைக்கேலாது எண்டுதான் நான் கழுத்திலை கொழுவிறனான். பாரிஸ் லாச்சப்பல் முழுக்க அப்பிடிச் செய்யிறது நான் ஒருத்திதான்.

என்ன தீர்ப்போ? எபினேயிலை எங்கடை சங்கத்துக்கு ஒரு இணக்கசபை இருக்கு. பிரெஞ்சுக் கோட்டுக்குப் போய் வருசக்கணக்கா இழுபடாமல் எங்கடை சண்டையை நாங்களே தீர்க்கிறதுக்கு. மடுத்தீன் அண்ணைதான் தலைவர். இந்தமுறை வந்தது மேல்வீட்டு சாரதாதேவி அக்காவும் கீழ்வீட்டு ஞானசுந்தரத்தாரும். அக்கா புதன் பின்னேரம், பள்ளிக்கூடம் இல்லாத நேரம், வீட்டிலை பிள்ளையளுக்குப் பரதம் பழக்கிறவ. இவருக்குப் பேக்கரியிலை இரவு வேலை. பகலிலை நித்திரை கொள்ளேலாதாம், தலைக்கு மேலை தொம் தொம்மெண்டு உதைக்கினமாம். வகுப்பை மூடட்டாம். பதினொரு பிள்ளையள், தங்கச்சி! வாற மாதம் சலங்கைப் பூசை, மண்டபமும் எடுத்தாச்சு.

மடுத்தீன் அண்ணை முதல்நாளே சொன்னவர். இந்த அறைக்குள்ளை ரெண்டு பகுதியும் சொல்லுறதை வைச்சுத்தான் தீர்ப்பு, வெளியிலை விசாரிக்கக் கூடாது, போனிலை தேடக் கூடாது. ஓமெண்டு கையெழுத்தும் வைச்சனான். ஆனா சொல்லுங்கோ, எங்கடை சனம் விசாரியாமல் எதைச் செய்யும்? வீடு எடுக்க விசாரிப்பம், மாப்பிளை எடுக்க ஏழு தலைமுறையை விசாரிப்பம். நீங்களும் விசாரிச்சுத்தானே என்னட்டை வந்தனீங்கள்? ...கதையாதேங்கோ, புருவம் ஆடுது.

பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. றூபன்ரை கடையிலை முருங்கைக்காய் எடுக்கேக்கை, "உந்த எபினே சாரதாதேவி குடும்பம் என்ன மாதிரி ஆக்கள்?" எண்டன். அந்த நாசமாய்ப் போவான் ஒரு சிரிப்புச் சிரிச்சான். "பெடியன் கிருஷிகன் தங்கம் அக்கா. மெற்றோவிலை வேலை. குடிவெறி ஒண்டும் இல்லை" எண்டான். ஆர் கேட்டது பெடியனை? நான் தாயைக் கேட்டனான்! அடுத்த கடையிலை கேட்டால் அங்கையும் பெடியன். கோயிலடியிலை கேட்டால் சாதகக் குறிப்பு எடுத்துத் தரட்டோ எண்டினம். கர்த்தரே, நான் வேதக்காரி, எனக்கேன் குறிப்பு? நான் பார்லருக்குத் திரும்ப முந்தி என்ரை மகள் அனுஜா போன் எடுத்து பிரெஞ்சிலை கத்துறாள், ஆரந்தக் கிருஷிகன், என்னைக் கேளாமல் ஏன் எனக்குக் கலியாணம் பேசுறாய் எண்டு!

தீர்ப்பு சாரதாக்கா பக்கம்தான் வந்தது. மூண்டு பேரும் ஒரே முடிவு. அடுத்தநாள் ஞானசுந்தரத்தார் வந்து நிண்டு, "சம்பந்தி எழுதின தீர்ப்புச் செல்லாது" எண்டிட்டார். சம்பந்தியாம்! மடுத்தீன் அண்ணை என்னைப் பாத்து, "வெளியிலை விசாரிச்சனீரோ?" எண்டார். மாதாவே, பொய் சொல்லுவனே? ஓமெண்டன். அதோடை முடிஞ்சுது. ஞாயிறு வழக்கைத் திரும்ப விசாரிக்கினமாம். அதுவரைக்கும் வகுப்பும் பூட்டு. எனக்குப் பதிலா சார்செலிலை இருந்து ஆரையோ போட்டிருக்கினமாம், பேர் சொல்லமாட்டினமாம். என்ரை வாய்க்குப் பயமாம்!

நேற்றுப் புதன் பின்னேரம் சாரதாக்கா வந்து என்ரை கையைப் பிடிச்சு அழுதவ. "லூசியா, பிள்ளையள் சலங்கைப் பையோடை வந்து வாசலிலை நிண்டிட்டுப் போகுதுகள். ஞாயிறு வரைக்கும் நீர் வாயைத் திறவாமல் இரும், அது காணும்." எனக்கு நெஞ்சு வெடிச்சுப்போச்சு. மாதா மேலை சத்தியம் பண்ணிக் குடுத்தனான்.

ஆனா உங்களுக்குச் சொல்லலாம், நீங்கள் இந்தப் பக்கத்துக்குப் புது ஆள். ...ஆ? என்ன? பொறுங்கோ, இந்தப் பக்கம் முடியட்டும், நூல் வெட்டிப்போடும். தீர்ப்புக்கு முந்தின புதன் நான் அவையின்ரை கட்டடத்துக்கே போனனான். ஓம், அதையும் செய்தனான்! மேலை பிள்ளையள் ஆடுதுகள். கீழ்வீட்டு மணியை அடிச்சால் ஆளில்லை. நித்திரை குழம்பின மனுசன் எங்கை? மூலைக் கபேயிலை, ரீவியிலை குதிரை ஓட்டம் பாத்துக் குதிச்சுக்கொண்டு நிக்கிறார்! சபையிலை சொன்னால் நான் போனது வெளியிலை வந்திடும் எண்டு இவ்வளவு நாளும் விழுங்கிக்கொண்டு... ஏன் எழும்பிறியள்? மற்றப் புருவம் கிடக்கு!

என்ன? ...சார்செலோ? ...ஞாயிறு அந்தக் கூட்டத்துக்கோ? ...எனக்குப் பதிலாப் போட்ட ஆள் நீங்களோ?

கடவுளே! வரேக்கையே சொல்லியிருக்கலாமே! ...ஓம், சொல்லத்தான் வந்தனீங்கள், நான்தான் புருவம் நூல் எண்டு வாயை மூடப் பண்ணினனான். தங்கச்சி, கேளாத மாதிரி இருந்திடுங்கோவன்... மடுத்தீன் அண்ணைக்கு இப்பவே போன் எடுக்கப் போறியளோ? கையெழுத்து வைச்சனீங்களோ... ஓம். நானும்தான் வைச்சனான். நில்லுங்கோ, ஒற்றைப் புருவத்தோடை றோட்டிலை...

போயிட்டா. ஐயோ சாரதாக்கா, நேற்றுப் பண்ணின சத்தியம், இண்டைக்கு வியாழன் மத்தியானம்கூட ஆகேல்லை. இனி இவவையும் மாத்தி வகுப்பை இன்னும் பூட்டி வைப்பினம், அந்தப் பிள்ளையளுக்கு நானெல்லோ பாவி.

ஆர் அடுத்தது? நீங்களோ அக்கா? வந்து இருங்கோ. இல்லை, ஒண்டும் கேளாதேங்கோ. இண்டைக்கு நூலைப் பல்லிலை கடிக்கப் போறன்.