மைக் டெஸ்ட் வரி

துபாய் ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பிலிருந்து மதிய டூட்டிக்குக் கிளம்பிய பஸ். என் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த இருவரும் ஒரே ஹோட்டலில் மைக், ஸ்பீக்கர் வேலை பார்ப்பவர்கள். ஜன்னலோரத்துக்காரர் திடீரென்று சொன்னார்:

“செத்துப்போன மனுஷி பாட்டைப் பாடித்தான் இத்தன நாளா மைக் டெஸ்ட் பண்ணியிருக்கோம் மாப்ள.”

“யாருடா?”

“குரோஷியாக்காரி. நம்ம ஹோட்டல்ல ஃபங்க், சோல்னு வெஸ்டர்ன் பாட்டுப் பாடுமே, அந்தம்மா.”

“லீவுலல்ல போயிருக்கு?”

“அப்படித்தான் நானும் நெனச்சேன். ‘ஒன், டூ, த்ரீ’ன்னா அதுக்குப் பிடிக்காது. எண்ணாத, பாடுன்னு அது பாட்டுல ஒரு வரி சொல்லிக் குடுத்துச்சில்ல, நேத்து அதப் பாடறேன், முன் டேபிள்ல ஒரு வெள்ளைக்காரர் எந்திரிச்சு நின்னுட்டாரு. அந்தம்மா ஊருக்காரராம். அங்க அது பாட்டுக் கேக்காத வீடே இல்லையாம். நான் பாட்டுக்கு, ‘மேடம் லீவு முடிஞ்சு எப்ப சார் வருவாங்க?’ன்னு கேட்டுட்டேன்.”

“ஐயோ.”

“போன மாசத்துலயே முடிஞ்சுபோச்சாம். கேன்சராம். தெரிஞ்சேதான் ஊருக்குப் போயிருக்கு. அவரு, இன்னொரு தடவ பாடுன்னாரு. நான் மைக்க ஸ்டாண்டுல மாட்டிட்டு எறங்கிட்டேன். மைக் மட்டும் ஆன்ல கெடந்துச்சு.”

சிக்னலில் பஸ் நின்றது. மற்றவர் போனைக் கையில் எடுத்தார்.

“என்னைய மஸ்கட்டுக்கு அனுப்புனப்ப, அங்க ரூவி ஏரியா ஹோட்டல் ஆளுங்களுக்கும் அந்த வரியச் சொல்லிக் குடுத்தேன்டா. இன்னும் அதத்தான் பாடறானுங்க. போன் போட்டுச் சொல்லிரவா?”

“வேணாம்டா. பாடட்டும்.”