நாலாவது கியரில் ஓர் ஏற்றம்

நிற்கிற காரில், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவைச் சோதிக்கவே முடியாது, இன்ஸ்பெக்டர் சார். எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின்தான் கத்தும், காற்றழுத்தம் காட்டும் பூஸ்ட் முள் அசையாது. அதற்குச் சுமை வேண்டும். முதல் கியரில் முள் எட்டிப் பார்ப்பதற்குள் கியர் மாற்ற வேண்டிவரும். மூன்றாவதில் கொஞ்சம் ஏறும். ஆள் நிறைந்த வண்டியை நாலாவதில் போட்டு நீண்ட ஏற்றத்தில் மிதித்தால்தான் அதன் முழு பலமும் தெரியும்.

அதனால்தான் அலெக்சாண்டரின் கார் நீண்ட ஏற்றமில்லாத சிங்கப்பூரில் எரியவில்லை. அவன் என் தங்கை ஆனியின் புருஷன். எண்பத்தைந்தில் அந்தக் காரை வாங்கியதிலிருந்து ரிப்பேரெல்லாம் கேலாங்கில் என் பட்டறையில்தான். பூஸ்ட் அளவு மீறி எஞ்சின் வெடிக்காமல் காக்கும் வால்வு ஒன்று உண்டு. அதை வேலை செய்யாமல் ஆக்கியது நான்தான்.

அப்படி என்ன செய்துவிட்டான் என்கிறீர்களா? நாக்கில் நரம்பில்லாதவன், சார். அவர்கள் குழந்தையின் ஞானஸ்நான விருந்தில், சர்ச் பங்கு ஜனமெல்லாம் கூடியிருக்க, "மச்சானுக்கு ஸ்பேனர் பிடிக்கத்தான் தெரியும் லா, பொண்டாட்டியப் பிடிச்சு வைக்கத் தெரியல" என்றான். என் மனைவி என்னை விட்டுப் போனது ஊரறிந்த விஷயம். எல்லாரும் சிரித்தார்கள். ஆனியும் சிரித்தாள். தங்கைதானே, சிரித்துவிட்டுப் போகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன்.

ஜூலையில் மலேசியாவில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குத் தான் மட்டும் போவதாகச் சொன்னான். போகிற வழியில் குவாலா கங்சார் தாண்டினால் நல்ல ஏற்றம் வரும். நான் ஆனியைப் பார்க்கப் போனேன்.

"அன்னம்மா பேர வச்சுக்கிட்டு நீ வீட்டுல உக்காந்திருக்கலாமா? மாமியாரையும் கூட்டிட்டுப் போம்மா. பிள்ளைய நான் பாத்துக்கிறேன்."

"உனக்கு எதுக்குண்ணே சிரமம்?" என்றாள்.

புறப்படும்போது சாமியார் காருக்குத் தீர்த்தம் தெளித்தார். நான் டயருக்குக் காற்று பார்த்துக் கொடுத்தேன். பாதி ஏற்றத்தில் எஞ்சின் வெடித்து, எண்ணெய் சிந்தித் தீப்பிடித்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். மூன்று பேரில் ஒருவரும் வெளியே வரவில்லை.

ஆனி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கூடப் பிறந்தவள். அவன் தனியாகப் போனால் சுமை போதாது, அவ்வளவுதான்.

குழந்தையை நான் அனுப்பவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஈவிரக்கம் இல்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. எட்டுக் கிலோகூட இருக்காது, சார். அதை ஏற்றினாலும் முள்ளில் ஒரு வித்தியாசமும் தெரியாது.