சந்தனமாரிக்கு வந்த பேட்ஜ்

ஹலோ... ஹலோ, தீப்பெட்டி ஆபீஸ் சூப்பர்வைசர் மணிராஜ் அண்ணாச்சியா? நான் மாடத்தி... சந்தனமாரியோட அக்கா... ஆமா, ஆமா, ஆஸ்பத்திரில இருந்துதான் பேசுதேன்.

...

எங்க முழிச்சா! ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. காலையில உள்ள கொண்டுபோயி வெந்த தோலை எடுத்திருக்காவ. இப்பத்தான் வார்டுல கொண்டாந்து போட்டாவ. மயக்கம் இன்னும் தெளியல...

ஆமா, சாப்பிட்டேன். அது கெடக்கட்டும். ஒங்க மொதலாளி வந்திருந்தாவ, தெரியுமா?... ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டு வந்தாவ. கை வெந்தவ எத வச்சு உரிக்க? பெறகு போனத் திறந்து காட்டுனாவ. சந்தனமாரி போட்டோ, பேரு, கீழ வட்டமா மெடல் மாதிரி ஒண்ணு. "தீப்பிடிச்சா என்ன செய்யணும்னு ஒந்தங்கச்சி ஆன்லைன்ல படிச்சு டிஜிட்டல் பேட்ஜ் வாங்கியிருக்கா. உலகத்துல யாரு வேணாலும் பாக்கலாம். தெரிஞ்சே கைய வச்சது அவ தப்பு"ங்காவ.

...

எப்ப படிச்சா அண்ணாச்சி?... இல்ல, இல்ல, நீங்க சொல்லுங்க, எப்ப படிச்சா? போன் நம்பரக் கேட்டிய, ஓடிபி கேட்டிய, குடுத்தா. அவகூட வேல பாக்குற எஸ்தர்ராணியும் அப்படித்தான் குடுத்தாளாம். தீப்பெட்டி ஆபீஸ்ல இருக்க அத்தன பொம்பளைக்கும் நீங்க ஒருத்தரே ஒக்காந்து பரிச்சை எழுதியிருக்கிய...

சரி, சரி. தீப்பெட்டி வாங்குற வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் எல்லாருக்கும் பேட்ஜ் கேட்டான், மொதலாளி சொன்னாவ, செஞ்சிய. ஆனா ஒண்ணு. தீக்குச்சி அடுக்குன சட்டம் பத்திக்கிட்டதும், அத வெறுங்கையால தூக்கிட்டு வெளிய ஓடியிருக்கா அண்ணாச்சி. பக்கத்துல இருந்தவளுவளுக்கு ஒண்ணும் ஆயிறக்கூடாதுன்னு. படிச்சவ அதத் தொடுவாளா?

சாயங்காலம் பேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரிக்க வாராராம். "அவளுக்கு யாரும் சொல்லிக்குடுக்கல, அவ பரிச்சைய நான்தான் எழுதுனேன்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்...

என்னது?... அவளேதான் படிச்சாளா?... அய்யோ, மனசறிஞ்சு பேசுங்க அண்ணாச்சி... ஆமா, ஒங்க வேல போயிரும். இவளுக்குக் கையே போச்சே!

...

இருங்க, இவ போன்ல ஏதோ மெசேஜ் வருது. எம்மவகிட்டதான் போனு இருக்கு. ஏட்டி ஆனந்தி, என்னன்னு வாசி... என்னது?... நல்லாப் பாத்து வாசிட்டி...

அண்ணாச்சி, லைன்ல இருக்கியளா? சந்தனமாரிக்கு இன்னொரு பேட்ஜ் வந்திருக்காம். முதலுதவிப் பயிற்சில பாஸாம். வாழ்த்துச் சொல்லியிருக்கான். இன்னிக்குக் காலையில பரிச்சை எழுதுனாளாம்.

...

காலையில அவளுக்குத் தோலை உரிச்சுக்கிட்டு இருந்தாவ. எந்த விரலால எழுதுனா?

...

ஏலே மணிராஜு, மொத்தமா எல்லாத்துக்கும் பரிச்சை எழுதிப் போட்டியே, இவ பேர விட்டுட்டுப் போடணும்னுகூட ஒனக்குத் தோணலையால? ஆஸ்பத்திரிக்கு வேன்ல ஏத்திவிட்டதே நீதானல!

...

அழிக்கப் போறியா? அழி. ஆனந்தி போட்டோ புடிச்சிட்டா. உலகமே பாக்கலாம்னு ஒங்க மொதலாளிதானல சொன்னாவ? இன்ஸ்பெக்டரும் பாக்கட்டும்... ஹலோ... ஏலே... ஹலோ...

வச்சிட்டான்.

என்னட்டி?... முழிச்சிட்டாளா? சந்தனம்... அக்கா இங்கனதான் இருக்கேன்... வேண்டாம், வேண்டாம், கையத் தூக்காத.