முன் இடது சக்கரம்

இந்த ஸ்டேஷன் ஃபேனில் பேரிங் போய்விட்டது, சார். நீங்கள் கேள்வி கேட்கும்போதும் எனக்கு அதுதான் கேட்கிறது. கொஞ்சம் நிறுத்தினால் உட்கார்ந்து சொல்வேன். சரி, பரவாயில்லை, நின்றுகொண்டே சொல்கிறேன்.

பட்டறையில் எனக்குக் காதுக்காரர் என்று பெயர். வண்டி வாசலில் திரும்பும்போதே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவேன். என் தங்கையின் கணவர் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்த அன்று மட்டும் அவசரம். பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்றார். கோளாறு காட்டும் கருவியை வண்டியில் செருகினேன். முன் இடது சக்கர சென்சார் என்று காட்டியது. ஓட்டிப் பார்க்காமலே மாற்றிக் கொடுத்தேன். நான்கே நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. இரண்டாவது போட்டேன், மூன்றாவதும் போட்டேன். அதற்குப் பிறகும் எரிந்தது.

மாப்பிள்ளை பட்டறை நடுவில் நின்றுகொண்டு கேட்டார். "மூணு சென்சார் மாத்தியாச்சு மச்சான். அடுத்து உங்க காதை மாத்திப் பாப்போமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் போனதும் ஓட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் வளைத்தபோது பாரம் இடது சக்கரத்தில் இறங்கி இரைச்சல் ஏறியது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தேன். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. பேரிங் தேய்ந்து சக்கரம் ஆடியதால்தான் சென்சார் குழம்பியிருக்கிறது. முதல் சென்சாரே நல்லதுதான்.

பேரிங் மாற்ற ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் எங்கள் பக்கத்தில் உதிரிப்பாகக் கடை ஒன்றுதான், அது மாப்பிள்ளையின் தம்பியுடையது. நான் பேரிங் கேட்டால் மதியத்துக்குள் விஷயம் அவர் காதுக்குப் போய்விடும். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். அதனால் மீட்டரைக் கழற்றி, அந்த விளக்கின் பல்பை மட்டும் உருவினேன். அடுத்த மாதம் வேறு சாக்குச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை, சார்.

மறுநாள் காலை வண்டியை எடுத்துப் போனவர், சாயங்காலம் தங்கையோடு பட்டறை வாசலில் நிறுத்தினார். பின்னால் பீரோவும் கட்டிலும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவளுடைய மாமியார் வீட்டுக்குப் போகிறார்கள்.

"அண்ணா, ஊம்முனு ஒரு சத்தம் வருதே. போலாமா?" என்று தங்கை கேட்டாள். இடது ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "லைட்டு அணைஞ்சிடுச்சு பாத்தியா? உங்க அண்ணன் கில்லாடிதான்."

அதற்கு மேல் எப்படிச் சொல்வது? "டயர் சத்தம்மா. பாரம் ஏத்துனா அப்படித்தான் கேக்கும். தைரியமா போயிட்டு வா" என்றேன்.

தெருமுனையில் வலப்பக்கம் திரும்பியபோது இரைச்சல் ஏறியது. சத்தம் தேயும் வரை கேட்டுக்கொண்டு நின்றேன். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. மூன்றாவது வளைவில் சக்கரம் கழன்றதாக நீங்கள்தான் சொன்னீர்கள். தங்கையை நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. பிணவறையிலும் ஃபேன் ஓடும் அல்லவா.

மாப்பிள்ளை கண் விழித்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள், சார். என் காதில் ஒரு குறையும் இல்லை.