பாதி எலிகளின் அமைதி

"அண்ணாச்சி, நீங்க குழாய் கட்டினா என் எலியெல்லாம் செவிடாயிரும்."

சேரன்மகாதேவி பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் ஆராய்ச்சி மாணவி, கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குழாய் ஒலிபெருக்கி கொண்டுபோகும் மைக்செட்காரரிடம் சொன்னாள்.

"செவிடானா என்ன தாயி?"

"இரைச்சல்ல காது கெடாம இருக்க மருந்து சோதிக்கேன். பாதி எலி சத்தமே கேக்காம அமைதியா இருந்தாத்தான் ஒப்பிட முடியும். கோயிலு எங்க லேபுக்கு அடுத்த சுவரு. ரெண்டு வருச உழைப்பு போயிரும்."

"அந்தப் பாதியை எங்க வீட்டுல விடு. அங்கன ரேடியோகூடக் கெடையாது. சத்தம் எனக்கு ஆகாது."

"எலியை வெளிய கொண்டுபோக கமிட்டி அனுமதி வேணும் அண்ணாச்சி."

"அப்ப குழாயை ஆத்தைப் பாத்துத் திருப்பிக் கட்டுதேன். அதுக்கு எந்த அனுமதியும் வேண்டாம்லா?"

குழாய் கட்டவே காவல் நிலைய அனுமதி வேண்டும். அதைச் சொன்னால் அண்ணாச்சி கோபத்தில் குழாயை லேப் பக்கமே திருப்பிவிடுவார் என்று சும்மா இருந்தேன்.