கடைசிப் பக்கத்து யானை

"இந்தப் புத்தகம் வீட்டுக்கு வாரதுக்கு முன்னாடி இவ பாகக்காயவே தின்னுக்கிட்டிருந்தா."

திருப்பரங்குன்றம் போகும் டவுன் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்த பெண் தன் கணவரிடம் சொன்னாள். ஜன்னலோரம் அவர். நடுவில் ஐந்து வயது மகள், மடியில் படப் புத்தகம். அட்டையில் ஒரு யானை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

"கடைசிப் பக்கத்துல யானை எல்லாக் காயும் சாப்பிடுதுல்ல. அதுக்குத்தான வாங்குனேன்."

"அதுக்கு முன்னாடி இருவது பக்கம், எப்படியெல்லாம் வேணாங்கலாம்னு படம் போட்டுக் காட்டிருக்காக. இவ அதத்தான் படிச்சிருக்கா. கத்திரிக்காயப் பாத்தாலே யானை மாதிரி மூக்கப் பொத்திக்கிறா. மூணு நாளா டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருது."

"காய்கறியில எம்புட்டுச் சத்து இருக்குன்னு நீ எடுத்துச் சொல்லணும்."

"சொன்னேன். பாகக்கா வைக்கிற அன்னிக்கு அப்பாவுக்கு மட்டும் எதுக்குத் தனியா உருளக்கிழங்கு வறுக்குறன்னு கேட்டா. என்ன சொல்லட்டும்?"

"நான் சின்னப் பிள்ளையிலருந்தே அப்படித்தான். பழகிப்போச்சு."

"ஆமா. இம்புட்டு வருசமா முதப் பக்கத்துலயே நிக்கிறீங்க."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மகள் அவரைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக, "உங்களுக்குக் கடைசிப் பக்கத்தப் படிச்சுக் காட்டவா?"